விரலை விற்காத சாந்தாராம்

செய்தி வந்தபோது பழங்காநத்தத்தில் என் கடையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு யாரும் மாற்றிப் பேசக் கூடாது. விருமாயியாகிய நான் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த கடை சிக்கந்தர் பாய் வாசற்படியில் நின்றிருந்தார். எதிர்க்கடை செல்லையா தன் கடையை மூடி மாதங்கள் ஆகியும் காலையானால் வந்துவிடுவார். அன்றும் வந்து ஓட்டை மானிட்டர் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். டீக்கடைப் பாண்டியம்மாள் காலித் தம்ளர்களுக்காகக் காத்திருந்தாள். தராசுக்குப் பக்கத்தில் என் மகன் மாயாண்டி. ரிங் ரோட்டு குடோன்காரருடைய டெம்போவில் வந்து, என்னிடம் மிச்சமிருந்த கம்ப்யூட்டர் போர்டுகளை எடை போட்டுக்கொண்டிருந்தான். வேறு யாரும் இல்லை.

சிக்கந்தர் பாயின் செல்போன் அடித்தது. கே.கே. நகரில் ஓர் ஆஸ்பத்திரி வாட்ச்மேன் பேசினார். சட்டைப்பையில் இருந்த நம்பரைப் பார்த்து அடித்தாராம். பாய் "இன்னா லில்லாஹி" என்றபடி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "சாந்தாராம் அண்ணே போயிட்டாருக்கா. சம்சாரத்த உள்ள மிஷின்ல படுக்க வச்சுட்டு வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காரு. உக்காந்தபடியே..." என்றார். பாண்டியம்மாள் தம்ளர்களைக் கீழே போட்டாள். மாயாண்டி தராசிலிருந்து கையை எடுத்தான். எடையைச் சொல்லிவிட்டுத்தான் எடுத்தான். அதை நான் மறக்கவில்லை.

நாங்கள் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தபோது அவரை ஸ்ட்ரெச்சரில் கிடத்தியிருந்தார்கள். அவர் மனைவி சுலோச்சனாவுக்கு இன்னும் ரத்தம் சுத்தம் செய்து முடியவில்லை. ஊசியை எடுக்கும்வரை சொல்ல வேண்டாம் என்று நர்ஸ் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள். அந்தக் கதவுக்கு வெளியே சத்தம் போடாமல் நின்றோம். உள்ளேயிருந்து சுலோச்சனா சொல்லியனுப்பினாள்: "வெளிய அவரு இருப்பாரு. டீ சாப்பிட்டாரான்னு கேளுங்க." நர்ஸ் வந்து எங்களைப் பார்த்தாள். செல்லையா, "சாப்பிட்டாருன்னு சொல்லும்மா" என்றார்.

சாந்தாராமைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். தெரியாதவர்கள், தங்கத்துக்கு ஆசைப்பட்டுத் திராவகத்தை முகர்ந்து செத்தவன் என்று துக்க வீட்டு வாசலிலேயே பேசினார்கள். பேசியவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் இதைப் படிக்கட்டும்.

அவர் சௌராஷ்டிரக்காரர், நெசவுக் குடும்பம். தறியை விட்டு ரேடியோ ரிப்பேருக்கு வந்து, பிறகு டிவி ரிப்பேர் பார்த்தார். நான் உசிலம்பட்டிப் பக்கத்துக் காட்டு வேலையை விட்டு, புருஷன் போன பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிழைக்க வந்தவள். பழைய இரும்பும் பாட்டிலும் வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவர் ஸ்குரூ டிரைவரையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்துக் கடையை வாடகைக்குப் பிடித்தார். ரிப்பேர்க் கடையா என்று கேட்டேன். "இல்லக்கா, பழசு வாங்கப் போறேன். ரிப்பேர் பாக்குறவன் பொழைச்சுக்கும் பொழைச்சுக்கும்னு பொய் சொல்லிக்கிட்டே இருக்கணும். பழசு வாங்குறவன் செத்துப்போச்சுன்னு ஒரே ஒரு உண்மையச் சொன்னாப் போதும்" என்றார். ஒரு டிவியை மொத்தமாக இரும்பு விலைக்குத் தள்ளிவிடாமல், செம்பைத் தனியாக, அலுமினியத்தைத் தனியாக, போர்டைத் தனியாகப் பிரித்து விற்க எங்கள் வரிசையில் முதலில் ஆரம்பித்தவர் அவர். கடைசியில் நாங்கள் நாலு கடைக்காரர்களும் அதையே செய்தோம்.

நாலு கடை என்றால் நாலு விலை. வாரம் ஒருமுறை சென்னையிலிருந்து லாரி வரும். அதோடு வரும் புரோக்கர் வேலையே எங்களை மோதவிடுவதுதான். என்னிடம் வந்து, "பாய் போர்டு கிலோ அறுபதுக்குக் குடுத்துட்டாரு, நீங்க எம்புட்டு?" என்பான்.

"பாயா? எண்பதுக்குக் கொறையாதுன்னுல்ல காலைல சொன்னாரு!"

"அது காலைல. இப்ப வெயிலு ஏறிப்போச்சு. வெல எறங்கிப்போச்சு."

நான் ஐம்பத்தைந்துக்கு இறங்குவேன். அதைப் பாயிடம் போய்ச் சொல்லி ஐம்பதுக்கு வாங்குவான். லாரி போனதும் நாங்கள் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம். அப்படியொரு நாள், என்னை ஏமாற்றிவிட்டார் என்று சிக்கந்தர் பாய் மேல் விளக்குமாற்றை ஓங்கிவிட்டேன். குறுக்கே வந்த சாந்தாராம் தோளில் அது விழுந்தது. அவர் தூசியைத் தட்டிவிட்டு, "அடிச்சாச்சாக்கா? சரி, இப்ப உக்காந்து வெலயப் பேசுவோம்" என்றார். பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

ஆனால் பேசினோம். "ஒரே விலை வைப்போம்" என்றார் செல்லையா. "வைப்போம். முடியாதவன் முதல்ல உடைப்பான். பெறகு அவன எல்லாருமாச் சேந்து ஏசுவோம்" என்றார் பாய். யாருக்கு எவ்வளவு முடியவில்லை என்பதை யார் நாலு பேர் முன்னால் சொல்வார்கள்? அப்போது நான்தான் எங்கள் அப்பன் மாட்டுச் சந்தையில் விலை பேசுவதைச் சொன்னேன். துண்டைக் கை மேல் போட்டுக்கொண்டு, அதற்குள்ளே விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். முதலில் பிடிப்பது பத்துக் கணக்கு, அடுத்துப் பிடிப்பது ஒற்றைக் கணக்கு. பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. பிடித்தவன் வெளியே சொல்ல மாட்டான். சொன்னால் அவனுக்குச் சந்தையில் சோறு கிடையாது.

அடுத்த லாரி நாளில் சாந்தாராம் ஒரு புதுத் துண்டோடு வந்தார். "மாடு எங்கண்ணே, வால் எங்கண்ணே?" என்று கேலி செய்த சிக்கந்தர் பாயின் கையைத்தான் முதலில் துண்டுக்குள் இழுத்தார். ஒவ்வொருவரும் ஒரு கிலோ போர்டுக்குத் தன்னால் தாங்க முடிந்த கடைசி விலையை விரலில் அழுத்த வேண்டும். எல்லோர் கையையும் பிடித்த பிறகு அவர் ஒரு பொது விலையைச் சத்தமாகச் சொல்வார். அதற்குக் கீழே யாரும் இறங்கக் கூடாது. யாருடைய விரல் ரொம்பக் கீழே இருந்ததோ, அவர் சரக்கு லாரியில் முதலில் ஏறும்; லாரி நிறைந்து மற்றவர் சரக்கு நின்றாலும் அவருக்கு அன்றைக்கே காசு. ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. சாந்தாராமின் கையை மட்டும் நான் பிடிப்பேன். அவ்வளவுதான் ஏற்பாடு.

முதல் வாரம் புரோக்கர் கடை கடையாக ஏறி இறங்கினான். "என்னய்யா, நாலு பேரும் ஒரே வாயால பேசுறீங்க?" என்றான். "ஒரே துண்டு மாப்ள" என்றார் செல்லையா. கோபித்துக்கொண்டு லாரி காலியாகக் கிளம்பியது. திருமங்கலம் வரை போய் டீ குடித்துவிட்டு அதே லாரி திரும்பி வந்தது. நாங்கள் சொன்ன விலைக்குத்தான் ஏற்றினான்.

என் மகள் பிரசவத்துக்கு வந்திருந்த வாரம் நான் ரொம்பக் கீழே அழுத்தினேன். சாந்தாராம் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அக்கா சரக்கு மழைல நனையுது. அத முதல்ல ஏத்துங்கப்பா" என்றார். அன்றைக்கு அக்கினி வெயில். செல்லையா வானத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். ஒன்றும் கேட்காமல் என் மூட்டையைத் தூக்கினார். அதன் பிறகு எங்கள் வரிசையில் யாருக்குக் கஷ்டம் வந்தாலும் அவர் சரக்கு மழையில் நனையும்.

இப்படிச் சில வருஷங்கள் மனிதர்களாக இருந்தோம். பிறகு வீட்டுக்கு வீடு கலர் டிவி வந்தது. கறுப்பு வெள்ளைப் பெட்டிகளைத் தெருவிலேயே தூக்கிப் போட்டார்கள். பிரவுசிங் சென்டர்கள் மூடி, கம்ப்யூட்டர்கள் மூட்டை மூட்டையாக வந்தன. சரக்கு பெருகினால் நமக்கு நல்லது என்று நினைத்தேன். அந்தச் சமயத்தில்தான் ரிங் ரோட்டில் நாகராஜன் என்பவர் பெரிய குடோன் போட்டார். எங்களுக்கு லாரிக்காரன் கொடுப்பதைவிட அதிக விலையைத் தள்ளுவண்டிக்காரர்களுக்குக் கொடுத்தார். வண்டிகள் எங்கள் கடை வாசலில் நிற்காமலே போயின. நேற்றுவரை என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தவன்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு தள்ளினான்.

"நட்டத்துக்கு வாங்குறானே, கிறுக்கனா?" என்று சாந்தாராமிடம் கேட்டேன்.

"கிறுக்கெல்லாம் இல்லக்கா. நாம மூடுற வரைக்கும் நட்டம். மூடுன மறுநாள் அவன் சொன்னதுதான் வெல."

"எம்புட்டு நாளைக்குத் தாங்குவான்?"

"நம்மள விட ஒரு நாள் கூடத் தாங்குனாப் போதும் அவனுக்கு."

அந்த நேரத்திலா சுலோச்சனாவுக்குச் சிறுநீரகம் கெட வேண்டும்? வாரத்தில் இரண்டு தடவை மிஷினில் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு தடவை தள்ளிப் போட்டால் முகமும் காலும் வீங்கிவிடும். அதைவிட எனக்கு ஆத்திரம், அந்த நாட்களிலும் சாந்தாராம் என் கைக்குள் உயர்ந்த விலையையே அழுத்தியதுதான். எழுபது என்பார். விரல் நடுங்கும். "நெசந்தானா?" என்று முறைப்பேன். "நெசந்தான்க்கா. ஒங்க சரக்கு போகட்டும்" என்பார். தன் சரக்கு மழையில் நனைகிறது என்று ஒரு நாளும் என்னைச் சொல்லவிடவில்லை.

நான் மூட்டு வலிக் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்த வாரம், மாயாண்டி என் இடத்தில் நின்றான். அவனுக்குக் கல்யாணமாகிப் பிள்ளை இருந்தது. சந்தை வழக்கத்தைச் சொல்லித்தான் அனுப்பினேன். "பிடிச்ச கைய வெளிய சொல்லக் கூடாதுடா." "தெரியும்மா, படு" என்றான். அன்றைக்கு சாந்தாராம், என்னிடம் காட்டாத உண்மையான விரலை அவனிடம் கொடுத்தார். நான் பார்த்தால் மனம் உடைவேன், என் முறையை அவருக்கு விட்டுக்கொடுத்துவிடுவேன் என்றுதான் என்னிடம் மறைத்திருக்கிறார். இவன் சின்னவன்தானே, ஏற்பாட்டின்படி மூட்டையை முதலில் ஏற்றிவிட்டுப் போய்விடுவான் என்று நம்பினார். நாற்பத்தேழு அழுத்தியிருக்கிறார். அவர் மூட்டை முதலில் ஏறவில்லை. மாயாண்டி ஒன்றும் சொல்லவில்லை. வழக்கம்போல எல்லோருக்கும் பொதுவாக ஏறியது.

இரண்டு நாள் கழித்து நாகராஜன் சாந்தாராமின் கடைக்கே வந்தார். சிக்கந்தர் பாய் அந்தப் பக்கம் நின்று கேட்டதைத்தான் சொல்கிறேன்.

"லாரி ஏத்தாம மிச்சங் கெடக்குற போர்டெல்லாம் கிலோ நாப்பத்தெட்டுக்கு எடுத்துக்கிறேண்ணே. ரொக்கம். ஒங்களுக்கு அதுவே ஒரு ரூவா கூடத்தான?"

சாந்தாராம் தன் கையையே பார்த்துக்கொண்டு இருந்தாராம்.

"அண்ணிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறதும் வாரதும் என் பொறுப்பு. கார் அனுப்புறேன். ஒண்ணே ஒண்ணுதான். மத்த மூணு பேரு கையும் ஒங்களுக்குத் தெரியும்ல? அதச் சொல்லுங்க. வீணா நானும் ஏன் நட்டத்துல ஓட்டணும், அவுகளும் ஏன் சாகணும்?"

"நான் பிடிச்ச கைய நான் விக்கிறதில்ல தம்பி."

"யோசிங்கண்ணே. அவுக ஒங்க கைய வித்துட்டாக."

"அது வித்தவன் பாடு. கெளம்புங்க, நாளைக்கு அவளுக்கு மிஷின் இருக்கு."

மற்றவர்களின் கடைசி விலை தெரிந்திருந்தால் நாகராஜன் ஒரே வாரத்தில் எங்களை ஒவ்வொருவராகச் சாய்த்திருப்பார். சொல்லியிருந்தால் சுலோச்சனாவுக்குக் கார் வந்திருக்கும். அவர் சொல்லவில்லை. அடுத்த மாதத்திலிருந்து சென்னை லாரியும் எங்கள் தெருவுக்கு வரவில்லை. நேராகக் குடோனுக்குப் போய்விட்டது. முன்பே வாங்கிப் போட்ட போர்டுகள் கூரை தொடும் அளவுக்கு அடுக்கிக் கிடந்தன, வாங்க ஆளில்லை.

இனித் திராவகத்தைப் பற்றிப் பேசியவர்கள் நன்றாகக் கவனியுங்கள். போர்டில் இருக்கும் சிறு சிறு பின்களில் தங்கப் பூச்சு இருக்கும். திராவகத்தில் ஊறவைத்தால் பிரியும். எத்தனையோ கிலோவுக்கு ஒரு பொட்டுத்தான் தேறும். விற்காத போர்டில் மிஷினுக்கு வழி வேறு எப்படி வரும்? வாடகை வீட்டு மொட்டை மாடியில் பிளாஸ்டிக் வாளி வைத்து அதைத்தான் செய்தார். நான் படியேறிப் போனபோது முகத்தில் ஈரத் துணி கட்டியிருந்தார். புகை மஞ்சளாக எழும்பியது. எனக்குக் கண் எரிந்து தொண்டை அடைத்துக்கொண்டது.

"ஏப்பா சாந்தா, இது ஒன்னையத் தின்னுருமப்பா!"

"சத்தம் போடாதீங்கக்கா, கீழ அவ முழிச்சிருக்கா. சமையல் கேஸு நாத்தம்னு சொல்லி வச்சிருக்கேன்."

"எனக்கு நீ வேணும். கடைய மூடித் தொலைப்போம். குடோனுக்கே குடுப்போம்."

"நீங்க மூடுங்க, செல்லையா மூடட்டும், தப்பில்ல. ஆனா நான் ஒங்க கைய வெளிய சொல்லி மூடுனதா இருக்கக் கூடாதுக்கா." இருமல் வந்து பேச்சு நின்றது. அந்த இருமல் பிறகு நிற்கவே இல்லை.

அன்றைக்குத்தான் நாகராஜன் சொன்ன விலையைப் பற்றிப் பாய் சொன்னதை அவரிடம் கேட்டேன். நாற்பத்தெட்டு என்பது யாருக்கும் குத்துமதிப்பாக வருகிற விலையா? "அந்த வாரம் ஒன் விரல் எம்புட்டு?" என்றேன். வாளியைக் கிளறிக்கொண்டே, "அத விடுங்கக்கா" என்றார். விடுங்கக்கா என்று சொன்ன விதத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வாரம் அவர் கையைப் பிடித்தவன் ஒரே ஒருவன்.

வீட்டுக்குப் போனேன். மாயாண்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டைப் பிடித்து இழுத்தேன்.

"சாந்தாராம் கைய நாகராஜன்கிட்டச் சொன்னியாடா?"

அவன் பொய் சொல்லவில்லை. அதுவும் எனக்கு ஆறவில்லை. "வெலதானம்மா சொன்னேன். ஒரு நம்பரு. அம்புட்டுதான். அதுக்குப்போய்த் தட்டப் புடுங்குற?"

"எதுக்குடா சொன்ன?"

"எடை போடுற வேல தாரேன்னாரு. மாசச் சம்பளம். இந்த ஓட்டைக் கடைல ஒன்னோட உக்காந்து நானும் துண்டப் போத்திக்கிட்டு வெரலப் புடிச்சுக்கிட்டுக் கெடக்கணுமா? ஒலகம் எங்கயோ போகுது."

"அவரு சம்சாரம் மிஷின்ல கெடக்குடா."

"அதனாலதாம்மா சொன்னேன். வித்துட்டு நிம்மதியா இருப்பாருன்னு நெனச்சேன்."

அந்தக் கடைசிப் பேச்சைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. பிடித்த கையை விற்றுவிட்டு, அதை உபகாரம் என்று வேறு சொல்கிறான். அடுத்த வாரமே குடோனில் சேர்ந்தான்.

மறுநாள் சாந்தாராமிடம் போய் அவர் காலடியில் உட்கார்ந்தேன். அவரே ஆரம்பித்தார். "அவனுக்குப் புள்ள இருக்குக்கா. அவன் பொழைக்கிற வழியப் பாத்தான். எனக்காக அவன மன்னிச்சிருங்க." இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கேட்டது இந்த ஒன்றுதான். அவர் இரண்டாவது தடவையும் கேட்டார். எழுந்து வந்துவிட்டேன்.

செல்லையா கடையை மூடினார். பாய் பாதிக் கடையில் பிராய்லர் கோழி விற்கிறார். நானும் கடைசியில் மிச்சச் சரக்கைக் குடோனுக்கே கொடுக்கச் சம்மதித்தேன். அதை எடுக்கத்தான் அன்றைக்கு டெம்போ வந்தது. சாந்தாராம் மட்டும் மூடவும் இல்லை, விற்கவும் இல்லை. அவர் இறந்த மாதமே நாகராஜன் விலையைப் பாதிக்கும் கீழே இறக்கினார். இன்றைக்குத் தள்ளுவண்டிக்காரர்கள் என் வாசலில் வந்து நின்று, "அம்மாச்சி, திரும்பக் கடையத் தொறங்க" என்கிறார்கள். யாரை வைத்துத் திறப்பது? கையைப் பிடிக்க யார் இருக்கிறார்கள்?

நாகராஜனைத் திட்டி எழுதுவேன் என்று எதிர்பார்த்தவர்கள் இருக்கலாம். அவர் எங்கள் கையைப் பிடித்தவர் அல்ல. விலையை ஏற்றினார், இறக்கினார், வியாபாரம் செய்தார். அவர் எனக்கு ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை.

அந்தத் துண்டு என்னிடம் இல்லை. ஆஸ்பத்திரியில் அவர் வலது கை ஸ்ட்ரெச்சரை விட்டு வெளியே தொங்கியது. நகமெல்லாம் திராவகத்தில் கறுத்திருந்தது. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தக் கை மேல் போட்டு, உள்ளே என் கையை விட்டு, கடைசியாக ஒரு தடவை பிடித்தேன். விரல்கள் ஒன்றும் சொல்லவில்லை. துண்டோடேயே அனுப்பிவைத்தேன். என்னிடம் மிச்சம் இருப்பது, எழுபது என்று பொய் சொல்லி என் உள்ளங்கைக்குள் நடுங்கிய அந்த விரல்களின் அழுத்தம். காலையில் எழுந்ததும் அது அங்கே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். இருக்கிறது.

சாந்தாராம், நீ கேட்ட ஒன்றை மட்டும் என்னால் கொடுக்க முடியவில்லையப்பா. சுலோச்சனாகூட அவனை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். நான் மன்னிக்க மாட்டேன். உன் பாடையின் முன்கால் பிடித்து, எல்லோரையும் விடச் சத்தமாக அழுதுகொண்டு நடந்தானே, என் வயிற்றில் பிறந்த மாயாண்டி, அவனை.